எட்டாவது வரிசையில் மெட்ராஸ்

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டு வந்தபோது, "கேன்டீன், ஹாஸ்டல், ஸ்டிரைக் இதெல்லாம் எழுத இருபது பேர் இருக்காங்க சார். நீங்க சரித்திரமா ஏதாவது குடுங்க" என்றார்கள். புள்ளியியல் துறையில் படித்துவிட்டு, அதே பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவனிடம் சரித்திரம் கேட்டால் என்ன கிடைக்கும்? ஓர் அட்டவணைதான் கிடைக்கும். அந்த அட்டவணையின் கதையையே எழுதிவிடுகிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அதில் பாத்தியதை உண்டு.

2016-ஆம் ஆண்டு என்று ஞாபகம். எம்.எஸ்ஸி. வகுப்புக்கு மெட்டா அனாலிசிஸ் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரே கேள்வியைப் பற்றிப் பல நாடுகளில், பல காலங்களில் நடந்த ஆய்வுகளை ஒன்றுவிடாமல் தேடி எடுத்து, தரம் பார்த்து, மொத்தமாக என்ன தெரிகிறது என்று கணக்கிடும் முறை அது. இதைக் கற்றுத்தர உலகத்தில் பெரும்பாலான வாத்தியார்கள் கையில் எடுப்பது ஒரே உதாரணத்தைத்தான். பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று பார்த்த 13 ஆய்வுகள். 'ஆர்' என்ற இலவச மென்பொருளில் அந்த அட்டவணை ரெடிமேடாகவே கிடைக்கும். நானும் அதைத்தான் திரையில் போட்டேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், எட்டாவது வரிசையில மெட்ராஸ்னு போட்டிருக்கு. நம்ம மெட்ராஸா?"

"நம்ம மெட்ராஸ்தாம்மா. சரியாச் சொன்னா மெட்ராஸ்கூட இல்ல, திருவள்ளூர்ப் பக்கத்து கிராமங்க."

அவள் ஊரே திருவள்ளூருக்கு அப்பால் ஒரு கிராமம். திங்கட்கிழமை வந்து சொன்னாள்: "சார், எங்க ஆயாவுக்கு அந்த ஊசி போட்டிருக்காங்களாம். ஜீப்புல வந்து, வீடு வீடா பேரு எழுதி, எல்லாருக்கும் போட்டாங்களாம். ஆயா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அவங்களுக்குப் போட்டது மருந்தா, தண்ணியா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் அந்த எட்டாவது வரிசையைக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறேன். அதில் உள்ளவர்களில் ஒருவர் நம்மைக் கேள்வி கேட்பார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பினேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

கதை 1948-இல் ஆரம்பிக்கிறது. அந்த ஆண்டுதான் இந்தியாவுக்கு பி.சி.ஜி. வந்தது. கிண்டியில் தடுப்பு மருந்துக் கூடம் அமைந்தது. மதனப்பள்ளியில் முதலில் போட்டுப் பார்த்தார்கள். 1951 வாக்கில் நாடெங்கும் பெரிய இயக்கமாகக் கிளம்பிவிட்டது. எலும்புருக்கி நோய் என்றாலே சாவுதான் என்றிருந்த காலம். ஊசி ஒன்று இருக்கிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வேண்டாம் என்று ஒருவர் சொன்னார், அதுவும் நம் ஊரிலிருந்து. ராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கிய மறு வருடம், 1955-இல், 'பி.சி.ஜி.யை நான் ஏன் எதிர்க்கிறேன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். டாக்டர்கள் கொதித்தார்கள். அவருடைய மருத்துவ வாதங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்பவன் அல்ல. ஆனால், கோடிக்கணக்கான பேருக்கு ஒன்றைப் போடும்முன் நம் மண்ணில் அது பலிக்கிறதா என்று பார்த்தீர்களா என்ற கேள்விக்கு அன்றைய தேதியில் யாரிடமும் நல்ல பதில் இல்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும்.

வெளிநாட்டு விவரமோ ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டது. 1950-இல் பிரிட்டனில் தொடங்கிய ஆய்வில், பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுப் பிள்ளைகள் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஊசி போட்டவர்களிடம் நோய் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அதே சமயத்தில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் போட்டுப் பார்த்தது. பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஐரோப்பாக்காரர் "அற்புதம்" என்கிறார், அமெரிக்கர் "வேஸ்ட்" என்கிறார். இதைத் தீர்த்துவைக்க, சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்குப் பெரிய ஆய்வு ஒன்று வேண்டும், அதுவும் நோய் நிறைய உள்ள இடத்தில் வேண்டும் என்று முடிவாயிற்று. ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் கைகோத்தன. இடம், சென்னைக்கு மேற்கே அன்றைய செங்கல்பட்டு மாவட்டம்.

'செங்கல்பட்டு ஆய்வு' என்றுதான் உலகம் முழுவதும் பெயர். அதனால் பலரும் செங்கல்பட்டு டவுன் பக்கம் நடந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். 1997-இல்தானே மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூரைத் தனியாக்கினார்கள்? சென்ட்ரலில் அரக்கோணம் வண்டி ஏறி, அம்பத்தூர், ஆவடி தாண்டிப் போனால் வருகிற பூமி அது. நம்மில் பாதிப் பேருக்கு மாமியார் வீடு அங்கேதான் இருக்கும்.

1968 ஜூலையில் தொடங்கி 1971 மார்ச் வரை ஆட்களைச் சேர்த்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள். பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி. ஒரு மாதக் குழந்தை முதல் கிழவர்கள் வரை. ஊசி போடும்முன் கையில் டியூபர்குலின் சோதனை, பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு மார்பு எக்ஸ்ரே. ஊசியில் பாரிஸ் ரகம், கோபன்ஹேகன் ரகம் என்று இரண்டு; ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிகிராம், 0.01 மில்லிகிராம் என்று இரண்டு அளவு. இவை தவிர ஒரு பகுதியினருக்கு வெற்று ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. மாணவியின் ஆயா கேட்ட கேள்விக்கு அந்த ஊசி போட்ட ஊழியராலேயே பதில் சொல்லியிருக்க முடியாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், பார்க்கிற பார்வை மாறும்.

பிறகுதான் உண்மையான உழைப்பு. இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை மொத்த ஜனத்தையும் திரும்பப் பார்ப்பது. இடையில் இருமல் என்று வந்தவர்களின் சளியை எடுத்து லேபுக்கு அனுப்புவது. கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்களைத் தேடுவது, ஒரே தெருவில் நாலு முருகேசன் இருந்தால் எந்த முருகேசன் என்று கண்டுபிடிப்பது. கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே ஊரில் யாருக்கும் தெரியாத காலத்தில் இப்படிப் பதினைந்து வருடம் தொடர்ந்தார்கள். நம் வகுப்பு வருகைப் பதிவேட்டையே ஒரு செமஸ்டர் ஒழுங்காகப் பராமரிக்க முடிவதில்லை. அறிக்கையின் கீழே பெயர் வராத அந்தக் கள ஊழியர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

ஏழரை வருடக் கணக்கு 1979-இல் வெளியாயிற்று. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. கொஞ்சம் தடுத்தது என்றுகூட இல்லை, சுத்தமாகப் பூஜ்யம். வகுப்பில் நாங்கள் பார்த்த அட்டவணையின் எட்டாவது வரிசையில் அது இப்படி இருக்கிறது: ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்கு நோய், போடாத 88,391 பேரில் 499 பேருக்கு நோய். பதினைந்து வருட முடிவு 1999-இல் வந்தது. அதிலும் பெரியவர்களுக்குப் பலன் இல்லை. சிறுபிள்ளைகளுக்கு 27 சதவீதம் போலத் தெரிந்தது, அதையும் உறுதியாகச் சொல்ல முடியாதபடி பிழை எல்லை பூஜ்யத்துக்குக் கீழே வரை போனது.

உலகம் அதிர்ந்தது என்பார்களே, அது இதுதான். ஆய்வில் கோளாறு இருக்கும், மருந்து கெட்டுப்போயிருக்கும், குலுக்கலில் தப்பு நடந்திருக்கும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். நிபுணர் குழு அமைத்துத் துருவினார்கள். முடிவைப் புரட்டும் பெரிய தவறு எதுவும் அகப்படவில்லை. இந்தியர்கள் நடத்திய ஆய்வு பூஜ்யம் காட்டியதால்தான் இத்தனை சந்தேகம் என்று நம் பக்கத்தில் அந்த நாளில் முணுமுணுத்தவர்கள் உண்டாம். இருக்கலாம். ஆனால் எதிர்பாராத முடிவு எங்கிருந்து வந்தாலும் இரண்டு முறை சரிபார்ப்பது நல்ல பழக்கம்தான்.

இங்கே சென்னையின் இன்னொரு ஆய்வை ஒப்பிடாமல் இருக்க முடியாது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தும் பாதிப் பேரை வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 193 பேர்தான். இட்லியும் கஞ்சியும் சாப்பிட்டுக்கொண்டு நெரிசலான வீட்டில் இருந்தவர்களும், பாலும் முட்டையும் ஓய்வும் கிடைத்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே குணமானார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுக்க சானடோரியம் யுகத்தை முடித்துவைத்தது. இருநூறு பேர்கூட இல்லாத ஆய்வு உலகக் கொள்கையை மாற்றியது. கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேருக்கு ஊசி போட்ட ஆய்வோ, முடிவை என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரையும் திகைக்க வைத்தது. காரணம் எளிது. வீட்டுச் சிகிச்சை விஷயத்தில் எதிர்ச்சான்று கிடையாது. பி.சி.ஜி.க்கு முன்னால் ஒரு டஜன் ஆய்வுகள் வரிசையில் நின்றன, ஒவ்வொன்றும் ஒரு பதிலோடு.

இந்த மாதிரி நிலைமைக்காகப் பிறந்ததுதான் சான்றுகளைத் தொகுக்கும் துறை. அதன் மூதாதை கார்ல் பியர்சன். டைபாய்டு தடுப்பூசி பற்றி தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் எடுத்த பல தனித்தனிக் கணக்குகளை 1904-இல் ஒன்றாக வைத்துப் பார்த்து, "இவை ஒன்றோடொன்று ஒத்துவரவில்லையே" என்று முதலில் கவலைப்பட்டவர் அவர். மெட்டா அனாலிசிஸ் என்ற பெயரை 1976-இல் ஜீன் கிளாஸ் வைத்தார். மருத்துவத்தில் அது ஓர் இயக்கமாக ஆனது 1993-இல், ஆக்ஸ்ஃபோர்டில் இயன் சால்மர்ஸ் முதலானோர் காக்ரேன் அமைப்பைத் தொடங்கியபோது.

அதே 1993-இல்தான் லண்டன் குழு ஒன்று பி.சி.ஜி. ஆய்வுகளைத் தொகுத்தது. குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடம்பெங்கும் பரவும் வகையையும் ஊசி நன்றாகவே தடுக்கிறது, குலுக்கல் ஆய்வுகளில் சராசரி 86 சதவீதம் என்றது. ஆனால் நுரையீரல் காசநோய்க்கு வந்தபோது, முடிவுகள் இவ்வளவு சிதறிக்கிடக்கும்போது சராசரி போடுவதே முறையல்ல என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டது. அடுத்த வருடம் ஹார்வர்டிலிருந்து கிரஹாம் கோல்டிட்ஸ் குழு சராசரி போட்டது: 50 சதவீதம். வகுப்பில் நாம் பார்க்கும் 13 ஆய்வு அட்டவணை இந்தக் குழுவினுடையதுதான்.

50 சதவீதம்! பிரிட்டனில் முக்கால்வாசிக்கு மேல், திருவள்ளூரில் பூஜ்யம், சராசரி பாதி. ஒரு கால் கொதிநீரில், இன்னொரு கால் ஐஸில் வைத்தவனுக்கு சராசரி வெப்பம் சொன்ன புள்ளியியல்காரன் ஜோக்கை முதல் வருடத்திலேயே எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் கோல்டிட்ஸ் குழு சராசரியோடு நிற்கவில்லை. அதனால்தான் அது பாடமாயிற்று. ஒவ்வொரு ஆய்வும் பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி நடந்தது என்று ஒரு பத்தியைச் சேர்த்தார்கள். கனடா 55, பிரிட்டன் 52. அங்கெல்லாம் ஊசி பலமாக வேலை செய்கிறது. தென்னாப்பிரிக்கா 27, போர்ட்டோ ரிக்கோ 18. பலன் குறைகிறது. மெட்ராஸ் 13. பலனே இல்லை. ஆய்வுக்கு ஆய்வு இருந்த வேறுபாட்டில் 41 சதவீதத்தை இந்தத் தூரம் ஒன்றே விளக்கியது. ஐரோப்பாக்காரரும் பொய் சொல்லவில்லை, நம்மவரும் பொய் சொல்லவில்லை. இடம் வேறு, விடை வேறு.

ஏன் அப்படி? வெப்ப நாடுகளின் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் பங்காளிகள் ஏராளம். வயலில் இறங்கி, குளத்தில் குளித்து வளரும் பிள்ளையின் உடம்பு அவற்றோடு பழகி, ஓரளவு தற்காப்பை முன்பே சம்பாதித்துவிடுகிறது. அதற்கு மேல் பி.சி.ஜி. போட்டால் புதிதாகச் சேர்வது கொஞ்சம்தான் அல்லது ஒன்றுமில்லை. கினிப் பன்றிகளில் 1966-இலேயே இதைக் காட்டியிருந்தார்கள். நம் ஆய்வுப் பகுதியிலும் பதின்வயதை எட்டுவதற்குள் பெரும்பாலான பிள்ளைகளிடம் இந்தப் பங்காளிக் கிருமிகளின் அடையாளம் தோல் சோதனையில் தெரிந்தது. இது ஒன்றே முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. 2014-இல் வந்த விரிவான தொகுப்பு, பிறந்தவுடன் போட்டாலும், ஏற்கெனவே கிருமி தொடாத பிள்ளைகளைக் கண்டிப்பாகச் சோதித்துப் பார்த்துப் போட்டாலும் பலன் நன்றாக இருக்கிறது என்றது. விளக்கத்துக்கு அது பொருந்தித்தான் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். 13 ஆய்வுகளிலும் உள்ள ஆட்களைக் கூட்டினால் 3,57,347. அதில் மெட்ராஸ் வரிசை மட்டும் 1,76,782, ஏறத்தாழ சரிபாதி. ஆனால் சராசரி போடும்போது அந்த வரிசைக்குக் கிடைக்கும் எடை பத்து சதவீதம் சொச்சம்தான்! கணக்கைப் போட்டுக் காட்டியதும் மாணவிக்குக் கோபமே வந்துவிட்டது. "பாதி ஜனம் எங்க ஊரு சார், மார்க்கு மட்டும் பத்தா?" நியாயமான கோபம்தான். ஆனால் முறையும் நியாயமானதே. எல்லா ஊரிலும் உண்மை ஒன்றே என்று நம்பினால் ஆள் கணக்குப்படி எடை கொடுக்கலாம். அப்படிச் செய்தால் மெட்ராஸ் ஒன்றே நாற்பது சதவீதத்துக்கு மேல் அள்ளிக்கொண்டு மற்றவர்களை அமுக்கிவிடும். இடத்துக்கு இடம் உண்மையே மாறுகிறது என்றால், திருவள்ளூரில் எத்தனை லட்சம் பேரைப் பார்த்தாலும் அது திருவள்ளூரைப் பற்றிய செய்திதான். கனடாக் குழந்தையைப் பற்றி அது பேசாது. அதேபோல 600 பிள்ளைகள் இருந்த கனடா ஆய்வு நம்மைப் பற்றிப் பேசாது. இதை நான் முழுதாகப் புரிந்துகொண்டதே அவளுக்குப் பதில் சொல்லப் போய்த்தான்.

சரி, அரசாங்கம் என்ன செய்தது? பூஜ்யம் என்று வந்தவுடன் பி.சி.ஜி.யையே தூக்கிப்போட்டிருந்தால் பெரிய தவறாகியிருக்கும். செங்கல்பட்டு ஆய்வு பார்த்தது முக்கியமாகப் பெரியவர்களின் நுரையீரல் நோயை. கைக்குழந்தையின் மூளைக்காய்ச்சலைப் பற்றி அது விடை சொல்லவே இல்லை. ஆகவே பெரியவர்களுக்கு வேண்டாம், பிறந்த குழந்தைக்குக் கட்டாயம் என்ற கொள்கை நின்றது. உங்கள் பேரப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்முன்பே இடது தோளில் போடுகிறார்களே, அதுதான். 2002-இல் உலகெங்கும் குழந்தைகளுக்குப் போட்ட ஊசி மட்டும் சுமார் 30,000 மூளைக்காய்ச்சல்களைத் தடுத்திருக்கும் என்று 2006-இல் ஒரு கணக்கு வந்தது. ஒரு பூஜ்யத்தை எங்கே ஏற்பது, எங்கே அது பொருந்தாது என்று பிரித்துப் பார்த்ததால் பிழைத்த பிள்ளைகள் அவர்கள்.

நடப்பு மாணவர்களுக்காகக் கொஞ்சம். இந்த வேலையை எங்கே கற்பது என்று கேட்கிறீர்கள். வெகுதூரம் போகவேண்டாம். ஆவடியில் ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப் பிரிவு ஒன்று இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எம்.டி. குப்தே தலைமையில் 1991 முதல் 1998 வரை அவர்கள் நடத்திய தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வில் 1,71,400 பேர். நாலு ஊசிகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். பி.சி.ஜி. மட்டும் போட்டவர்களுக்கு 34 சதவீதம் பாதுகாப்பு, அதோடு கொன்ற தொழுநோய்க் கிருமியைச் சேர்த்துப் போட்டால் 64. காசநோய்க்குத் தோற்ற ஊசி, ஏறக்குறைய அதே மண்ணில் தொழுநோய்க்குக் கொஞ்சம் ஜெயித்தது! அந்தக் களப் பிரிவையும், சென்னையிலிருந்த ஐ.சி.எம்.ஆர். மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் 1999-இல் இணைத்துத்தான் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் பிறந்தது. குப்தேதான் முதல் இயக்குநர். அம்பத்தூர் அயப்பாக்கத்தில், ஹவுசிங் போர்டு குடியிருப்புக்கு நடுவில் இருக்கிறது. அந்தப் பக்கம் தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்? நாடு முழுவதும் மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் எழுதவேண்டிய ஆராய்ச்சி முறைப் பாடம் அங்கிருந்துதான் ஆன்லைனில் போகிறது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்துக்கும் அங்கேதான் திட்டம் வகுத்தார்கள். எடை, மூச்சு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்ற எளிய சோதனைகளால், உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியவர்களைப் பிரித்தெடுப்பது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பிரதாப் தரியன் தலைமையில் காக்ரேனின் தெற்காசிய மையம் பல ஆண்டுகள் இந்தத் தொகுப்புக் கலையைப் பயிற்றுவித்தது. 2007-இல் ஐ.சி.எம்.ஆர். பணம் கட்டி, காக்ரேன் நூலகத்தை இந்தியாவில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்துவிட்டது.

வேலை எப்படி என்றால், பாதிக்கு மேல் பொறுமைதான். என்ன தேடப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிப் பொதுப் பதிவேட்டில் போட்டுவிட வேண்டும். பிறகு முடிவுக்குத் தக்கபடி கேள்வியை மாற்றக்கூடாது. ஆயிரக்கணக்கான தலைப்புகளை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துப் பொறுக்க வேண்டும். ஒத்துவராத இடத்தில் மூன்றாமவர் தீர்ப்பு. நம் பல்கலைக்கழகத்தில் விடைத்தாளை இரண்டு பேர் திருத்துவது மாதிரி. பிரசுரமாகாமல் மேஜை டிராயரில் கிடக்கும் ஆய்வுகளைத் தேடிக் கடிதம் எழுத வேண்டும், ஏனென்றால் பூஜ்யம் வந்த ஆய்வுகள்தான் பெரும்பாலும் டிராயரில் தூங்கும். செங்கல்பட்டு முடிவை அப்படித் தூங்கவிடாமல் அச்சேற்றியவர்களுக்கு இந்தத் துறை கடன்பட்டிருக்கிறது. கண்டுபிடித்தவன் என்று பெயர் வராது. அப்பா அம்மாவுக்கு என்ன உத்தியோகம் என்று விளக்கவும் வராது. இதெல்லாம் தெரிந்து வருகிறவர்கள் வரட்டும்.

அந்த மாணவி தெரிந்தே வந்தாள். இப்போது ஒரு ஆய்வுக் குழுவில் இந்த வேலைதான் பார்க்கிறாள். 2024-இல் போன் செய்தாள். நாட்டின் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் ஆய்வை மத்திய அரசு தொடங்கியிருந்த நேரம். முன்பு காசநோய் வந்தவர்கள், நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், மெலிந்தவர்கள் என்று சிலருக்கு மட்டும். செங்கல்பட்டில் பலிக்காததை மறுபடி ஏன் என்று பத்திரிகைகளில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆயா பேப்பர்ல வந்ததைக் கேட்டுட்டு, 'அப்பவே எங்க கையில குத்திப் பாத்தாச்சே, இப்ப எதுக்கு மறுபடியும்?'ங்கறாங்க சார். நான் என்ன சொல்ல?"

உள்ளதைச் சொல்லச் சொன்னேன். குழந்தையில் ஒருமுறை போட்டவர்களுக்கு வளர்ந்தபின் இன்னொரு முறை போட்டால் என்ன ஆகும் என்பது செங்கல்பட்டில் கேட்கப்படாத கேள்வி. தென்னாப்பிரிக்காவில் 2018-இல் ஒரு ஆய்வு நம்பிக்கை தந்தது, நீடிக்கும் தொற்று 45 சதவீதம் குறைந்தது என்று. ஆகவே கேட்பது தப்பில்லை. (பிறகு 2025-இல் அதைவிடப் பெரிய ஆய்வு வந்து, அந்தப் பலன் இல்லை என்றுவிட்டது. அதுவும் ஒரு வரிசையாகச் சேரும்.) ஆனால் கேட்கிறவர்கள் எட்டாவது வரிசையைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்றேன்.

"அப்புறம் சார், அந்தப் பழைய கேள்வி? மருந்தா, தண்ணியா?"

ஆயாவின் பெயருக்கு எதிரே என்ன குறியீடு இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. நுரையீரலுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது என்று எண்கள் சொல்கின்றன. அதைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் போட்டுக்கொண்டவர்களும் மருந்து போட்டுக்கொண்டவர்கள் அளவுக்கே தேவைப்பட்டார்கள். அப்படியே சொல்லிவிடு என்றேன். சொன்னாளாம். "எதுவா இருந்தா என்ன, அந்த ஜீப்புக்காரப் பையன் நல்ல பையன், குத்தினதே தெரியல" என்றாராம் ஆயா.